வெள்ளை மாளிகையில் ஓர் இடுப்பு வலி

1960-ஆம் வருஷம் டிசம்பர் மாதக் கடைசியில், 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' என்ற அமெரிக்க விளையாட்டுப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர் பத்திரிகைக்காரரும் அல்ல, பந்தயக்காரரும் அல்ல. அடுத்த மாதம் ஜனாதிபதியாகப் பதவி ஏற்க இருந்த ஜான் கென்னடி. அமெரிக்க ஜனங்களின் உடம்பு மெத்தென்று ஆகிவிட்டது, மோட்டாரும் டெலிவிஷனும் வந்த பிறகு தசைகளுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது, இப்படியே போனால் தேசத்துக்கே ஆபத்து என்பது கட்டுரையின் சாரம். வெறும் வாய்ப்பேச்சாக இருக்கக்கூடாதே என்று அவர் ஓர் அத்தாட்சியும் காட்டியிருந்தார். நியூயார்க்கில் ஹான்ஸ் கிராஸ், ஸோன்யா வெபர் என்ற இரண்டு டாக்டர்கள் ஏற்படுத்திய ஆறு பரீட்சைகள்தாம் அவை.

பரீட்சை என்றால் பயப்பட வேண்டாம். மல்லாந்து படுத்துக் கையைப் பிடரியில் கோத்துக்கொண்டு எழுந்து உட்கார வேண்டும். முதலில் கால் நீட்டியபடி, பிறகு முழங்காலை மடக்கியபடி. படுத்த வாக்கிலேயே இரண்டு காலையும் சற்றுத் தூக்கிப் பத்து வினாடி நிறுத்த வேண்டும். பிறகு குப்புறப் படுத்து மார்பை ஒரு தடவை, கால்களை ஒரு தடவை அதே மாதிரி தூக்கி நிறுத்த வேண்டும். கடைசியாக, எழுந்து நின்று முழங்கால் மடங்காமல் குனிந்து தரையைத் தொட வேண்டும். அவ்வளவுதான். இதில் ஒன்றிலாவது தவறிய அமெரிக்கக் குழந்தைகள் நூற்றுக்கு 57.9 பேர். ஆஸ்திரியா, இத்தாலி, ஸ்விட்ஸர்லாந்து தேசத்துக் குழந்தைகளில் தவறியவர்கள் நூற்றுக்கு 8.7 பேர்தான். 1955-இல் இந்தக் கணக்கைக் கேட்ட அப்போதைய ஜனாதிபதி ஐஸன்ஹோவர் திடுக்கிட்டுப்போனார். மறு வருஷமே பிள்ளைகளின் தேகப் பயிற்சிக்கென்று ஒரு சபையையும் ஏற்படுத்தினார்.

கென்னடியின் கட்டுரை வெளிவந்து பத்து மாதம் ஆயிற்று. அதே டாக்டர் கிராஸ் வெள்ளை மாளிகைக்கு வந்து, கட்டுரை எழுதியவரையே படுக்கச் சொல்லிப் பரிசோதித்தார். தேசத்துக்கெல்லாம் புத்தி சொன்ன மனிதருக்கு ஒரே ஒரு தடவைகூடப் படுத்த நிலையிலிருந்து எழுந்து உட்கார முடியவில்லை.

ஊருக்கு உபதேசம் என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அந்த இடுப்பு பட்ட பாட்டைக் கேட்ட பிறகு சிரிப்பு வராது.

கென்னடி என்றதும் நம் கண்முன் நிற்பது யார்? 1961 ஜனவரிக் குளிரில், ஓவர்கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையில் தொப்பியும் இல்லாமல் நின்று பதவிப் பிரமாணம் செய்த நாற்பத்து மூன்று வயது யுவர். அந்த யுவருக்குக் குனிந்து செருப்பு மாட்டிக்கொள்வதே ஒரு காரியம் என்பது அப்போது அநேகருக்குத் தெரியாது. காலேஜில் கால்பந்து விளையாடிய நாளிலேயே முதுகு தகராறு செய்ய ஆரம்பித்துவிட்டது. 1941-இல் ராணுவத்தில் சேரப் போனபோது இந்த முதுகு உதவாது என்று திருப்பி அனுப்பினார்கள். தகப்பனாரின் செல்வாக்கினால் கடற்படையில் இடம் கிடைத்தது. 1943 ஆகஸ்டில், சாலமன் தீவுகளுக்கு அருகே, அவர் தலைமை வகித்த சிறு படகை ஜப்பானிய நாசகாரிக் கப்பல் ஒன்று நள்ளிரவில் மோதி இரண்டாகப் பிளந்தது. தீக்காயம் பட்ட மாலுமி ஒருவரின் மிதவைச் சட்டை வாரைப் பல்லில் கவ்விக்கொண்டு, சுமார் நான்கு மணி நேரம் நீந்தி ஒரு தீவில் கரையேற்றினார் கென்னடி. இதைக் கதையில் எழுதினால், 'ஆசிரியர் கொஞ்சம் அளக்கிறார்' என்பார்கள். நடந்தது நடந்ததுதான். வீரப் பதக்கமும் கிடைத்தது. முதுகும் இன்னும் மோசமாயிற்று.

அந்தக் காலத்து வைத்திய உலகத்தில் ஒரு புதிய சித்தாந்தம் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. 1934-இல் பாஸ்டன் நகரத்தில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு நிபுணர்கள், முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலுக்கு இறங்கும் கடுமையான வலி உண்டாகும் என்றும், அதைக் கத்தி வைத்து எடுத்துவிடலாம் என்றும் நிரூபித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். கண்டுபிடிப்பு மெய்யானதுதான், அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். ஆனால் கையில் புதுச் சுத்தியல் கிடைத்த தச்சனுக்குப் பார்த்த இடமெல்லாம் ஆணி தலைகாட்டுவதுபோல், அதற்குப் பிறகு இடுப்பு வலி என்று யார் வந்தாலும் தட்டுத்தான் பிதுங்கியிருக்கிறது என்ற எண்ணம் பரவிவிட்டது.

கென்னடிக்கு 1944-இல் முதல் தடவை கத்தி வைத்தார்கள். குணம் தெரியவில்லை. 1954 அக்டோபரில் நியூயார்க்கில் மறுபடியும் அறுத்து, முதுகெலும்பை ஓர் உலோகத் தகட்டினால் இறுக்கினார்கள். இந்த இரண்டாவது ரண சிகிச்சை உயிருக்கே உலை வைக்கக்கூடியது என்று டாக்டர்கள் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். காரணம், அவருக்கு அட்ரினல் சுரப்பி வேலை செய்யாத 'அடிஸன்' வியாதி இருந்தது; 1947-இல் லண்டனில் அதைக் கண்டுபிடித்தார்கள். ஊன்றுகோலைக் கட்டிக்கொண்டு ஆயுசைக் கழிப்பதைவிடச் செத்துப்போவது மேல் என்று சொல்லிவிட்டுத்தான் மேஜைமேல் படுத்தாராம். சொன்னது பலித்துவிடும்போலத்தான் இருந்தது. புண் சீழ் பிடித்தது; பிரக்ஞை தவறியது; பாதிரியார் வந்து கடைசி ஜபமும் சொல்லிவிட்டுப் போனார். எப்படியோ பிழைத்தார். 1955 பிப்ரவரியில் மூன்றாவது தடவை அறுத்து, வைத்த தகட்டை எடுத்தார்கள். படுக்கையில் கிடந்த அந்த மாதங்களில் உருவான புத்தகத்துக்கு 1957-இல் புலிட்ஸர் பரிசு கிடைத்தது. இடுப்பு வலிக்கு மட்டும் எந்தப் பரிகாரமும் கிடைக்கவில்லை.

பிறகு வந்தார் டாக்டர் ஜானட் டிராவெல். நல்ல கெட்டிக்கார அம்மாள். தசையில் எந்த இடத்தில் முடிச்சு விழுந்திருக்கிறது என்று விரலால் தடவிக் கண்டுபிடித்து, அங்கே மரத்துப்போக வைக்கும் புரோகேயின் மருந்தை ஊசியினால் செலுத்துவார். கென்னடியின் இடது கால் வலது காலைவிடச் சற்றுக் குட்டை என்று கண்டுபிடித்துச் செருப்புக்கு உயரம் வைத்துக் கொடுத்ததும், ஆடும் நாற்காலியில் உட்காரும்படி சொன்னதும் இவர்தான். அந்த நாற்காலி பிற்பாடு உலகப் பிரசித்தி பெற்றது. கென்னடி ஜனாதிபதியானதும் டிராவெல் அம்மாளை வெள்ளை மாளிகை வைத்தியராக நியமித்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவரே.

1961 மே மாதம் கென்னடி கனடாவுக்கு விஜயம் செய்தார். விருந்தாளிகளாக வரும் பெரிய மனிதர்கள் மரம் நடுவது வழக்கமாயிற்றே! ஆட்டவா நகரத்தில் கவர்னர் ஜெனரல் மாளிகைத் தோட்டத்தில் மண்வெட்டியைக் கையில் கொடுத்தார்கள். போட்டோப் பிடிக்கிறவர்களுக்காக நாசூக்காக இரண்டு பிடி மண் தள்ளியிருந்தால் போதும். கென்னடி உற்சாகமாகக் குனிந்து வாரினார். இடுப்பில் சுரீர் என்றது. அடுத்த மாதம் வியன்னாவில் குருஷ்சேவைச் சந்தித்தபோது, வலியை அடக்கிக்கொண்டுதான் சந்தித்தார். ஆம்ஃபெட்டமின் கலந்த ஊசி போடும் நியூயார்க் டாக்டர் ஒருவரும் அந்தப் பிரயாணத்தில் கூடப் போயிருந்தார் என்பது பிற்காலத்தில் வெளிவந்த சங்கதி. ஊர் திரும்பியதும் ஊன்றுகோல். ஊசியோ, சில நாட்களில் இரண்டு மூன்று தடவைகூட ஆயிற்று. அணுகுண்டுப் பொத்தானுக்கு அதிகாரியான மனிதர், ஒரு வயதுகூட நிரம்பாத தம் மகனைத் தரையிலிருந்து தூக்க முடியாமல் நின்றார்.

மரத்துப்போக வைக்கும் மருந்தில் ஒரு சங்கடம் உண்டு. வலி போய்விடும், வலிக்குக் காரணம் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். மறுநாள் இன்னும் கொஞ்சம் மருந்து வேண்டும். வெள்ளை மாளிகையில் இருந்த கடற்படை டாக்டர் அட்மிரல் பர்க்லி இதைக் கண்டு கவலைப்பட்டார். கென்னடியின் சுரப்பி வியாதிக்கு வைத்தியம் செய்துவந்த டாக்டர் யூஜின் கோஹனும் கவலைப்பட்டார். இருவரும் யோசித்து, 1961 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து ஒருவரைத் தருவித்தார்கள். அவர்தான் ஹான்ஸ் கிராஸ்.

கிராஸ் பிறந்தது 1905-இல், டிரியெஸ்ட் நகரத்தில். சிறு வயதில் இவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் யார் தெரியுமா? 'யுலிஸஸ்' நாவல் எழுதிய ஜேம்ஸ் ஜாய்ஸ். சீடர் இலக்கியத்தின் பக்கம் போகாமல் மலையின் பக்கம் போய்விட்டார். செங்குத்தான பாறைகளில் கயிறு கட்டி ஏறுவதில் அவருக்குப் பைத்தியம். வியன்னாவில் வைத்தியம் படித்து ரண சிகிச்சை நிபுணரானார். ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிய 1938-இல் நியூயார்க்குக்கு வந்து சேர்ந்தார். அங்கும் பக்கத்திலிருந்த ஷவாங்கங்க் பாறைகளைக் கண்டுபிடித்துவிட்டார்! 1941-இல் ஃபிரிட்ஸ் வீஸ்னர் என்ற தோழருடன் அவர் ஏறி வழி கண்ட ஒரு பாறை முகப்பில் இன்றைக்கும் மலையேறிகள் ஏறுகிறார்கள்.

மலையேறுகிறவருக்குத் தசையின் அருமை தெரியும். எலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் மாவுக்கட்டுப் போட்டுக் கிடத்திவைத்த காலத்தில், 'முடிந்த மட்டும் சீக்கிரம் அசைத்துவிடு' என்று வாதாடியவர் அவர். கொலம்பியா ஆஸ்பத்திரியில் முதுகு வலி என்று வந்தவர்களை வருஷக்கணக்கில் பார்த்தபோது அவருக்கு ஒன்று புலப்பட்டது. பெரும்பாலோருக்கு எக்ஸ்ரேயில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்த ஆறு பரீட்சைகளில் ஏதாவது ஒன்றில் தவறினார்கள். அதிலும் வயிற்றுத் தசை பலவீனமாக இருந்தது. முதுகுத் தசையும் தொடையின் பின்தசையும் இறுகிக் கிடந்தன.

வயிற்றுக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பந்தலுக்கு நட்ட கம்பத்தைப் பாருங்கள். நாலு பக்கமும் கயிறு கட்டி நிறுத்துகிறார்கள். முன்பக்கத்துக் கயிறு தொய்ந்துவிட்டால் கம்பத்தை நிறுத்துகிற பாரம் முழுவதும் மற்றக் கயிறுகளின் தலையில் விழும். அவை விண்விண்ணென்று இறுகும். இறுகி இறுகி ஒரு நாள் பிரிபிரியாகப் போகும். நம் முதுகுக் கம்பத்துக்கு முன்கயிறு வயிற்றுத் தசை. நாற்காலியில் உட்கார்ந்தே காலம் தள்ளுகிறவர்களுக்கு முதலில் தொய்வது அதுதான். கிராஸ் இன்னொன்றும் சேர்த்துச் சொன்னார். கோபமோ பயமோ வந்தால் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகித் தசைகள் முறுக்கேறுகின்றன. காட்டு மனிதன் சண்டை போட்டான், அல்லது ஓடினான், முறுக்கு அவிழ்ந்தது. ஆபீஸ் மனிதன் டெலிபோனைக் கீழே வைத்துவிட்டு அடுத்த காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறான். முறுக்கு முதுகிலேயே தங்கிவிடுகிறது. ஒரு நாட்டின் ஜனாதிபதிக்கு வருகிற டெலிபோன்கள் எப்படிப்பட்டவை என்று சொல்ல வேண்டியதில்லை.

கென்னடியின் முதுகைத் தொட்டுப் பார்த்த கிராஸுக்குத் தசைகள் தம்பூராத் தந்திபோல் இழுத்துக் கட்டியிருப்பது தெரிந்தது. அவர் ராஜோபசாரமாகப் பேசவில்லை. உடனே தேகப் பயிற்சி ஆரம்பித்து விடாமல் செய்யாவிட்டால், சீக்கிரத்தில் நடக்க முடியாதவராகிவிடுவீர்கள் என்று சொல்லிவிட்டார்.

பயிற்சி ஆரம்பமாயிற்று. வெள்ளை மாளிகையின் நீச்சல் குளத்தை ஒட்டியிருந்த ஒரு சிறு அறைதான் இடம். அந்தக் குளத்துக்கும் ஒரு கதை உண்டு. இளம்பிள்ளை வாதத்தால் கால் விளங்காமல் போன ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நீந்திப் பழகுவதற்காக, 1933-இல் ஜனங்கள் பணம் சேர்த்துக் கட்டிக் கொடுத்த குளம் அது. (1970-இல் நிக்ஸன் அதன்மேல் தளம் போட்டு நிருபர்களுக்கு இடமாக்கினார். ஜனாதிபதியின் பிரதிநிதிகளை இன்று நிருபர்கள் கேள்வி கேட்டுத் துளைக்கும் அறையின் தரைக்குக் கீழே குளம் இன்னும் இருக்கிறது.) கிராஸ் வாரத்தில் மூன்று நாள் நியூயார்க்கிலிருந்து வந்துபோனார். மற்ற வேளைகளில் கடற்படையைச் சேர்ந்த உதவியாளர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

சிகிச்சையில் மந்திரம் ஒன்றும் கிடையாது, வரிசைதான் முக்கியம். முதலில் சூடு கொடுத்துத் தசையை இளக்குவது. பிறகு கையால் தேய்த்துப் பிசைந்து பிடித்துவிடுவது. இறுக்கம் தளர்ந்த பிறகே பயிற்சி. அதுவும் எடுத்த எடுப்பில் தண்டால் பஸ்கி அல்ல. மூச்சை நிதானமாக விட்டு உடம்பைத் தொய்யப் போடுவது, முழங்காலை மடக்கி மார்புக்குக் கொண்டுவருவது, பூனை முதுகை வளைப்பதுபோல் வளைத்து நிமிர்வது என்று மெல்ல மெல்லப் போய், வயிற்றுத் தசையைக் கெட்டிப்படுத்தும் பயிற்சிகளுக்கு வந்து, மறுபடியும் படிப்படியாகத் தளர்த்திக்கொண்டு முடிக்க வேண்டும். இறுகிக் கிடக்கிற தசையை இளக்காமல் வேலை வாங்கினால் வலி கூடும். வெறுமனே பிடித்துவிட்டு நிறுத்திக்கொண்டால் அன்றைய சுகத்தோடு சரி, தொய்ந்த கயிறு தொய்ந்தபடியே இருக்கும். ஆகவே இரண்டும் ஜோடியாகப் போகவேண்டும் என்பது கிராஸின் கட்சி.

கட்சி அவருடையது, முறை முழுவதும் அவர் கண்டுபிடித்தது அல்ல. அதற்கு ஒரு வம்சாவளி உண்டு. ஸ்வீடன் தேசத்தில் பெர் ஹென்ரிக் லிங் என்று ஒருவர் இருந்தார். கவிஞர், கத்திச் சண்டை வாத்தியார் - நல்ல சேர்க்கை! 1813-இல் ஸ்டாக்ஹோமில் அரசாங்க ஆதரவில் ஒரு தேகப் பயிற்சிக் கலாசாலை ஆரம்பித்தார். பயிற்சியில் ஒரு கிளையை வியாதிக்கென்றே ஒதுக்கினார். நோயாளி தானே செய்யும் அசைவு, வைத்தியர் தடுக்கத் தடுக்கச் செய்யும் அசைவு, நோயாளி சும்மா கிடக்க வைத்தியர் கையால் செய்யும் அசைவு என்று எல்லாவற்றையும் ஒரே சாஸ்திரமாகக் கோத்தார். பிடித்துவிடுதலும் பயிற்சியும் அவரிடத்தில் ஒரே குடும்பம். அவருக்குப் பிறகு, ஆம்ஸ்டர்டாமில் மெட்ஸ்கர் என்ற டாக்டர் தேய்ப்பதை மட்டும் தனியாகப் பிரித்து, தடவுதல், பிசைதல், தட்டுதல் என்று வகைப்படுத்தி, ஆம்ஸ்டல் ஹோட்டலில் உட்கார்ந்து ஐரோப்பிய ராஜ குடும்பங்களுக்கெல்லாம் கைவைத்தியம் செய்து பெரும்பொருள் சேர்த்தார். பணம் சேரும் இடத்தில் போலிகளும் சேருவார்கள். லண்டனில் 'மஸாஜ்' என்று பலகை போட்ட சில வீடுகளில் வேறு வியாபாரம் நடக்கவே, வைத்தியப் பத்திரிகை ஒன்று அம்பலப்படுத்தியது. தங்கள் தொழிலின் மானத்தைக் காப்பாற்ற 1894-இல் நான்கு நர்ஸுகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். இன்று இங்கிலாந்தின் பிஸியோதெரபி சங்கமாக விளங்குவது அதுவே. குடும்பம் பிரிந்த இந்தக் கதையில், பாகம் பிரிந்த சகோதரர்களை மறுபடி ஒரே பந்தியில் உட்காரவைத்த பலரில் ஒருவர்தான் கிராஸ்.

வெள்ளை மாளிகைக்குத் திரும்புவோம். அரண்மனை என்று இருந்தால் அரண்மனை வைத்தியர்களின் சண்டையும் இருக்கும். தம்முடைய சிகிச்சை நடக்கும் வரையில் டிராவெல் அம்மாள் ஊசியை எடுத்துக்கொண்டு முதுகின் பக்கம் வரக்கூடாது என்று கிராஸ் கண்டித்துச் சொன்னார். அம்மாளுக்கு வருத்தம். பதவி அவரிடமே இருந்தது. முதுகு மட்டும் கைமாறிவிட்டது. இதைப் படிக்கும்போது டிராவெல் அம்மாளை ஒரு வில்லியாக எண்ணிவிடுவது சுலபம். நியாயம் அதுவல்ல. தசை முடிச்சுக்களைப் பற்றி அவர் டேவிட் ஸைமன்ஸ் என்பவருடன் சேர்ந்து 1983-இல் வெளியிட்ட பெரிய நூலைப் புரட்டாத பிஸியோதெரபி மாணவர்கள் குறைவு. கிராஸும் மற்ற நோயாளிகளுக்குத் தேவைப்பட்டபோது ஊசி போட்டவர்தான். ஊசியைக் கைத்தடியாக வைத்துக்கொள்வதா, காலாகவே வைத்துக்கொள்வதா என்பதுதான் விவகாரம்.

எனக்கு ஆச்சரியமாக இருப்பது நோயாளியின் பொறுமை. கென்னடி எதிலும் அவசரக்காரர். ஊசி போட்ட சில நிமிஷத்தில் வலி ஓடிவிடும். கத்தி வைத்தால் ஒரே நாளில் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையாவது உண்டு. இதுவோ, தினம் தினம் செய்தாலும் முதல் சில வாரங்களில் ஒன்றும் தெரியாது. கைதட்டுகிறவர்கள் கிடையாது. அப்படியிருந்தும் அவர் விடாமல் செய்தார். 1962 பிறந்ததும் மாற்றம் தெரிந்தது. ஊசி தேவைப்படவில்லை. குனிய முடிந்தது. குழந்தைகளைத் தூக்க முடிந்தது. 1963-ஆம் வருஷக் கோடையில் கால்ஃப் மைதானத்தில் மறுபடியும் பந்து அடித்தார். மூன்று ரண சிகிச்சைகள் சாதிக்காததை ஒரு மேஜையும் இரண்டு கைகளும் தினசரி முயற்சியும் சாதித்திருந்தன.

ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. அது இடுப்புக் கச்சை. கித்தான் துணியில் தைத்து, இறுக்கிக் கட்டும்படி அமைந்த அந்தக் கச்சையை வருஷக்கணக்காக அணிந்து பழகிவிட்டார். கிராஸுக்கு அது ஆகாது. வயிற்றுத் தசை செய்யவேண்டிய வேலையைக் கச்சை செய்தால், தசை சோம்பேறியாகும். தசை சோம்பேறியானால் கச்சை இன்னும் இறுக்கமாக வேண்டும். வட்டி கட்டுவதற்காகக் கடன் வாங்குகிறவன் கதை அது. விட்டுவிடும்படி கிராஸ் வற்புறுத்தி வந்தார். ஆனால் 1963 கோடைக் கடைசியில் கென்னடிக்குத் தொடை இடுக்கில் ஒரு தசை பிசகிற்று. நன்றாக இருந்த உடம்பு மறுபடி தகராறு செய்தவுடன் மனிதர் பழைய சினேகிதனிடம் போனார். கச்சையை முன்னைவிட இறுக்கிக் கட்டிக்கொண்டு, அதன்மேல் இடுப்பையும் தொடையையும் சேர்த்து எலாஸ்டிக் துணியையும் சுற்றிக்கொள்ள ஆரம்பித்தார்.

1963 நவம்பர் 22-ஆம் தேதி டல்லாஸ் நகரத்தில் திறந்த மோட்டாரில் அவர் போனபோது அந்தக் கச்சை இடுப்பில் இருந்தது. முதல் குண்டு முதுகின் மேற்புறம் நுழைந்து தொண்டை வழியே வெளிவந்தது. அது ஒருவேளை பிழைத்திருக்கக்கூடிய காயம். தலையில் பட்ட குண்டு வந்தது அதற்கு ஏறக்குறைய ஐந்து வினாடி கழித்து. கச்சை இல்லாதிருந்தால் முதல் குண்டிலேயே உடம்பு சரிந்து சாய்ந்திருக்கும், இரண்டாவது குண்டு தவறியிருக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. 2017-இல் நரம்பு ரண சிகிச்சைப் பத்திரிகை ஒன்றில் கென்னடியின் முதுகைப் பற்றி விரிவாக எழுதிய இருவரும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். நிரூபிக்க முடியாத விஷயம். இப்படி இருந்திருந்தால், அப்படி நடந்திருந்தால் என்று சரித்திரத்தைத் திருத்தி எழுதுவது நாவலாசிரியர்களுக்குப் பிடித்த வேலை. நான் அதைச் செய்யப் போவதில்லை. பார்க்லண்ட் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் உடைகளைத் தளர்த்தியபோது அந்தக் கச்சையைக் கண்டார்கள் என்பது மட்டும் சாட்சியத்தில் பதிவாகியிருக்கிறது.

கிராஸ் 1965-இல் முதுகு வலியைப் பற்றிச் சாதாரண ஜனங்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். 1970-க்குப் பிறகு, ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தில் அலெக்ஸாண்டர் மெல்லபி என்பவர் கிராஸின் பயிற்சிகளை வைத்து வகுப்புக்கள் ஏற்படுத்தி, அமெரிக்கா முழுவதும் பரப்பினார். கிராஸ் 1996-இல் தொண்ணூறாவது வயதில் காலமானார். அடுத்த வருஷம் டிராவெல் அம்மாளும் காலமானார்.

இவ்வளவு சொன்ன பிறகு, கிராஸ் சொன்னது இன்றைய சோதனைக்கு நிற்கிறதா என்று பார்க்காவிட்டால் வாசகர்களை ஏமாற்றுவதாகும். முழுவதும் நிற்கவில்லை. வயிற்றுத் தசைக்கென்று தனி மகிமை கிடையாது. நடையோ, யோகாசனமோ, வேறு எந்தப் பயிற்சியோ ஒழுங்காகச் செய்தால் ஏறக்குறைய அதே பலன் என்று பல ஆராய்ச்சிகள் சொல்கின்றன. மஸாஜ் மட்டும் செய்துகொண்டால் வரும் சுகம் நெடுநாள் நிற்பதில்லை. ஆனால் இரண்டையும் சேர்க்கும் விஷயத்தில் அவர் கட்சிக்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. கனடாவில் சில வாரங்களோ மாதங்களோ இடுப்பு வலியால் கஷ்டப்பட்ட நூறு பேர் அளவில் எடுத்துக்கொண்டு நடத்திய ஒரு பரிசோதனையின் முடிவு, 2000-ஆம் ஆண்டில் அத்தேசத்து மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் வந்தது. மஸாஜும் பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 63 பேருக்கு, சிகிச்சை முடிந்து ஒரு மாதம் கழித்தும் வலி இல்லை. மஸாஜ் மட்டும் பெற்றவர்களில் 27 பேர். பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 14 பேர். சிறிய பரிசோதனைதான்; வருஷக்கணக்கான வலிக்கு இதை அப்படியே பொருத்திவிடவும் முடியாது. இருந்தாலும் கிராஸ் பார்த்திருந்தால் அதை வெட்டி மேஜைமேல் ஒட்டியிருப்பார். அவர் காலமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது.

2020-இல் உலகத்தில் இடுப்பு வலியோடு இருந்தவர்கள் சுமார் 61 கோடியே 90 லட்சம் பேர் என்று கணக்கு. நாள்பட்ட வலிக்கு வைத்தியர்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. செய்யலாம் என்று சொன்னவற்றில், ஒழுங்காக வகுத்த தேகப் பயிற்சி இருக்கிறது, மஸாஜும் இருக்கிறது. பெரும்பாலோருக்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னவற்றில் அபினி வகை மருந்துகள் இருக்கின்றன. இழுத்துக் கட்டுகிற டிராக்ஷன் இருக்கிறது. இடுப்புக் கச்சையும் இருக்கிறது.